ஓடினால் மூச்சு அடைக்கிறது, ராணுவப் பயிற்சிக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது

கேள்வி: எனக்கு 19 வயது. ராணுவத்துக்குத் தேர்வாகி, மெடிக்கலும் முடிந்துவிட்டது. அடிப்படைப் பயிற்சி தொடங்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. தினமும் ஓடிப் பழகுகிறேன். இரண்டாவது கிலோமீட்டரில் மூச்சு அடைத்து, கீச்சென்று ஒரு சத்தம் வருகிறது. சிறு வயதில் எனக்கு இளைப்பு இருந்ததாக அம்மா சொல்கிறார். ஓட்டம் கற்றுக்கொடுப்பவரோ, "யாரிடமும் வாய் திறக்காதே. ஒரு பயிற்சி மாஸ்க் வாங்கிப் போட்டு ஓடு. ஓடுவதற்கு முன் இன்ஹேலர் இரண்டு தடவை அடித்துக்கொள்" என்கிறார். அண்ணனுடைய இன்ஹேலர் வீட்டில் இருக்கிறது. இப்படிச் செய்யலாமா?

பதில்: வேண்டாம். மாஸ்க்கும் வேண்டாம், அண்ணனுடைய இன்ஹேலரும் வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். மூச்சு மிக மோசமாக இருப்பது ஓடிக்கொண்டிருக்கும்போதா, ஓடி நின்ற பிறகா? அந்தச் சத்தம் மூச்சை உள்ளே இழுக்கும்போது வருகிறதா, வெளியே விடும்போது வருகிறதா? கைபேசியில் யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு நிமிட வீடியோவை வைத்து மருத்துவர் பாதி வழி போய்விடுவார்.

ஓட்டத்தால் வரும் ஆஸ்துமா என்றால் மூச்சுக்குழாய் சுருங்குகிறது. வேகமாக மூச்சு வாங்கும்போது உள்ளே போகும் காற்று குழாயின் ஈரத்தை உறிஞ்சிவிடுவதுதான் காரணம். குளிர்ந்த, வறண்ட காற்றில் இது அதிகம். ஓடி நின்றபின் 5 முதல் 10 நிமிடத்தில்தான் நெஞ்சு இறுக்கம் உச்சத்துக்குப் போகும், அடங்க அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ ஆகும். மூச்சை வெளியே விடும்போது வீசிங் சத்தம் கேட்கும், கூடவே இருமல் வரும்.

வெறும் பழக்கக் குறைவு என்றால் சத்தம் எதுவும் இருக்காது. மூச்சு வாங்கும், கால் கனக்கும், நின்றால் சில நிமிடத்தில் சரியாகிவிடும். என்னிடம் வரும் பையன்களில் நிறையப் பேர் இந்த வகைதான். முதல் கிலோமீட்டரை யாரோ துரத்துவது போல ஓடிவிட்டு, இரண்டாவதில் நுரையீரல் கெட்டுப்போய்விட்டது என்று பயந்து வருவார்கள்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். உங்களுக்கு அதுவாக இருக்கலாம் என்ற சந்தேகமும் எனக்கு இருக்கிறது. பிரச்சினை நுரையீரலில் இருக்காது, தொண்டையில் இருக்கும். கடுமையாக ஓடும்போது அகலத் திறந்திருக்க வேண்டிய குரல்வளை, சிலருக்குக் குறுகிக்கொள்கிறது. இளம் வயதினருக்கு இது அதிகம், அதுவும் 'ஜெயித்தே ஆக வேண்டும்' என்று தன்னை விரட்டுகிறவர்களுக்கு. சத்தம் மூச்சை உள்ளே இழுக்கும்போது வரும். இறுக்கம் எங்கே என்று கேட்டால் கை நெஞ்சுக்குப் போகாது, தொண்டைக்குப் போகும். ஓட்டத்தின் உச்சத்தில் வந்து, நின்ற சில நிமிடத்தில் போய்விடும். இன்ஹேலர் அடித்தாலும் பலன் இருக்காது. பலன் இல்லையே என்று மருந்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். வருடக்கணக்கில் ஆஸ்துமா மருந்து எடுத்த பிறகு, ஆஸ்துமாவே இல்லை என்று தெரியவந்தவர்கள் இருக்கிறார்கள். இதற்கு வைத்தியம் பெரும்பாலும் மருந்தே கிடையாது. பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் போய், தொண்டையைத் தளர்த்தி மூச்சு விடும் முறையைக் கற்றுக்கொள்வதுதான். சிலருக்கு ஆஸ்துமாவும் இதுவும் சேர்ந்தே இருக்கும் என்பதால், சத்தத்தை மட்டும் வைத்து நீங்களே முடிவுக்கு வந்துவிட வேண்டாம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு சீட்டில் 'ஆஸ்துமா' என்று எழுத ஒரு நொடி போதும். அதை நீக்க மாதக்கணக்கில் அலைய வேண்டும். ஊதிப் பார்க்கும் பரிசோதனைகூடச் செய்யாமல் இன்ஹேலர் எழுதிக்கொடுத்து அனுப்பும் வழக்கத்தால் வேலை இழந்த பிள்ளைகளைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. அது ஒரு பக்கம். உங்கள் மெடிக்கலில் என்ன நடந்திருக்கும் என்றும் எனக்குத் தெரியும். சட்டையைக் கழற்றச் சொல்லி, ஸ்டெதாஸ்கோப்பை நாலு இடத்தில் வைத்து, 'இழு, விடு' என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டிருப்பார்கள். ஓடினால் மட்டும் வரும் தொல்லையை உட்கார வைத்துத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? படிவத்திலும் 'ஆஸ்துமா: ஆம் / இல்லை' என்று இரண்டே கட்டம். நடுவில் இருப்பவன் எதை டிக் செய்வான்?

ஆகவே நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது, ஓட வைத்துச் செய்யும் பரிசோதனை. முதலில் ஸ்பைரோமெட்ரி, அதாவது ஒரு கருவியில் வேகமாக ஊதிப் பார்ப்பது. அப்புறம் டிரெட்மில்லில் 6 முதல் 8 நிமிடம், இதயத் துடிப்பு நன்றாக ஏறும் அளவுக்கு ஓட வைப்பார்கள். நின்றபின் 5, 10, 15, 30 நிமிடங்களில் மறுபடி ஊத வேண்டும். முதல் நொடியில் வெளியேறும் காற்றின் அளவு 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால், ஓட்டத்தால் மூச்சுக்குழாய் சுருங்குகிறது என்று பொருள். குறையவில்லை, ஆனால் தொண்டையில் சத்தம் வருகிறது என்றால், காது மூக்கு தொண்டை மருத்துவர் மெல்லிய கேமரா குழாயை விட்டுக் குரல்வளையைப் பார்ப்பார். பரிசோதனைக்குமுன் இன்ஹேலர் அடித்துவிட்டுப் போனால் எல்லாம் சரியாக இருப்பதாகவே காட்டும்.

இப்போது அண்ணனுடைய இன்ஹேலருக்கு வருவோம். அது நீல நிறத்தில் இருந்தால் அநேகமாக சால்பியூட்டமால். சுருங்கிய குழாயைக் கொஞ்ச நேரத்துக்கு விரிக்கும், குழாயின் உட்சுவர் வீங்கியிருக்கும் அழற்சியைக் குறைக்காது. தினமும் அடித்தால் ஓட்டத்துக்கு அது தரும் பாதுகாப்பும் குறைந்துகொண்டே போகும். ஆஸ்துமாவுக்கு இந்த மருந்தை மட்டும் தனியாகக் கொடுக்கக் கூடாது என்று சர்வதேச வழிகாட்டுதலே 2019-இல் மாறிவிட்டது. அழற்சியைக் குறைக்கும், உள்ளிழுக்கும் ஸ்டீராய்டும் சேர்ந்திருக்க வேண்டும். அதை மருத்துவர்தான் எழுத வேண்டும்.

மாஸ்க் விற்பவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மலை உச்சியில் ஓடுவது போன்ற பலன் தரும் என்பார்கள். மலையில் காற்றின் அழுத்தம் குறைவு, அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவு. மாஸ்க் செய்வது மூச்சு இழுப்பதைக் கடினமாக்குவது மட்டுமே. ஏற்கெனவே அடைக்கிறது என்பவர் அதை மாட்டிக்கொள்வதில் என்ன அர்த்தம்? டப்பா ஆக்சிஜனும் இதே கதைதான். ஆரோக்கியமானவரின் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு ஏற்கெனவே 95 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, அதில் ஏற்ற இடமில்லை. 'நுரையீரல் பவுடர்', தேர்வுக்கு முந்தின நாள் போடும் ஊசி, இவற்றையெல்லாம் தருகிறேன் என்பவரிடமிருந்து விலகிவிடுங்கள். அந்த ஊசி பெரும்பாலும் ஸ்டீராய்டாக இருக்கும். ஒரு நாளைக்கு வீசிங்கை மறைக்கும், பயிற்சி ஒரு நாளோடு முடியாது.

இவர்களைவிட மோசமானவர், 'மெடிக்கல் போர்டில் எனக்கு ஆள் இருக்கிறது' என்று பணம் கேட்கும் தரகர். அவருடைய தொழில் ரகசியம் இதுதான்: பத்துப் பேரிடம் பணம் வாங்குவார், எதுவுமே செய்ய மாட்டார். தானாகத் தேறியவர்களின் பணத்தை வைத்துக்கொள்வார், மற்றவர்களுக்குத் 'திருப்பித் தந்துவிட்டேன், பார்த்தீர்களா' என்று நல்ல பெயரும் வாங்கிக்கொள்வார்.

மறைப்பதும் பழையபடி எளிதில்லை. அமெரிக்காவில் 2022 முதல், ராணுவத்துக்கு வருபவர்களின் பழைய மருத்துவப் பதிவுகளை நுழைவுப் பரிசோதனையிலேயே கணினி வழியாக எடுத்துப் பார்க்கிறார்கள். 'சொல்லாதே, போய்க்கொண்டே இரு' என்று ஆள் சேர்ப்பவர்கள் சொன்னதை நம்பியவர்கள் அங்கே மாட்டிக்கொண்டார்கள். அதே நாட்டின் விதியில், 13 வயதுக்குமுன் நின்றுபோன ஆஸ்துமா தடையில்லை. அதற்குப் பிறகும் இருந்திருந்தால்தான் தடை, அப்போதும் விலக்கு கேட்க வழி உண்டு. விதி நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் படையின் மருத்துவத் தகுதி விதியை நீங்களே எடுத்துப் படியுங்கள், பயிற்சியாளர் வாயால் கேட்காதீர்கள். அம்மா சொல்லும் இளைப்பு எந்த வயதில் நின்றது, கடைசியாக எப்போது மருந்து எடுத்தீர்கள் என்பதற்கும் பழைய சீட்டுகளைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையிலேயே ஆஸ்துமா இருந்து மறைத்தால் ஆபத்து உங்களுக்குத்தான். விடியற்காலைக் குளிர், புழுதி, ஒரே கூடத்தில் படுப்பதால் எல்லோருக்கும் பரவும் சளி எல்லாம் சேர்ந்து வரும். பல படைகளில் கண்ணீர்ப்புகை அறைக்குள்ளும் நிற்க வைக்கிறார்கள். ஆஸ்துமா தாக்கினால் அப்போது கையில் மருந்து இருக்காது.

பரிசோதனைக்குக் காத்திருக்கும் நாட்களில் ஓட்டத்தை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை, வேகத்தைக் குறையுங்கள். முழு வாக்கியம் பேச முடிகிற வேகம் போதும். முடியாதபோது நடங்கள், பிறகு ஓடுங்கள். வாரத்தில் ஒரு நாள் மட்டும் வேகமாக ஓடிப் பார்க்கலாம். தொடங்குமுன் 10 - 15 நிமிடம் உடலைச் சூடேற்றி, நடுவில் சில குறுகிய வேக ஓட்டங்களும் ஓடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களில் பலருக்கு இதன்பின் சுமார் இரண்டு மணி நேரம் குழாய் சுருங்குவது குறைவாக இருக்கும். சிகரெட், வேப் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். ஹீமோகுளோபினும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஆனால் ஓடும்போது மயக்கம், நெஞ்சுவலி, இதயம் தாறுமாறாகத் துடிப்பது, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம், இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு முதலில் இதய மருத்துவரைப் பாருங்கள்.

பரிசோதனைக்கே ஒரு மாதம் கழித்துத்தான் தேதி கிடைத்தால், பயிற்சித் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் 'பார்க்கலாம்' என்பார்கள், பார்க்க மாட்டார்கள். மருத்துவரின் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரையுடன் ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.