பிளக்கை இப்போதைக்குக் குத்தாதீர்கள்

கேள்வி: ஐயா, என் தாத்தா டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பெரிய துரை பங்களாவில் அப்புவாக, அதாவது வீட்டு வேலையாளாக, இருந்தவர். 1975இல் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது, சீமைக்குத் திரும்பிய துரை தன் ஹூவர் மெஷினை, அதுதான் தூசி உறிஞ்சுகிற மெஷினை, அவரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். நிமிர்ந்து நிற்கிற வகை. கைப்பிடியில் துணிப்பை தொங்கும். அன்றிலிருந்து பரணில்தான் கிடக்கிறது. வயரைத் தொட்டால் ரப்பர் உதிர்கிறது. கடையில் காட்டினேன். திறந்து பார்க்காமலே மோட்டர் எரிந்துவிட்டது, 15,000 ரூபாய் ஆகும் என்றார்கள். நானே கழற்றிப் பார்க்கலாமா?
– ஒரு வாசகர், டிக்கோயா

பதில்: தாராளமாகக் கழற்றலாம் தம்பி. ஆனால் "ஓடுதா பார்ப்போம்" என்று பிளக்கை மட்டும் குத்திவிடாதீர்கள். நான் குத்தியவன். 1986இல் தேயிலை ஸ்டோரில் எலக்ட்ரீஷியனாக இருந்தபோது, சின்னத் துரை பங்களாவிலிருந்து இதே மாதிரி ஒன்று வந்தது. ஜூன் மாத மழை, தரையெல்லாம் ஈரம், காலில் ரப்பர் செருப்புகூட இல்லை. சுவிட்சைப் போட்டுவிட்டுக் கைப்பிடியைத் தொட்டதுதான் தெரியும், தேயிலைப் பெட்டிகளுக்கு மேலே கிடந்தேன். உள்ளே ரப்பர் உதிர்ந்த வயர் அலுமினிய உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டு கம்பி வயர்தான், எர்த் கிடையாது. உங்கள் மெஷினில் வெளியே உதிர்கிற ரப்பர் உள்ளேயும் உதிர்ந்துதான் இருக்கும்.

கடைக்காரர் சொன்னதையும் அப்படியே நம்ப வேண்டாம். எரிந்த மோட்டரை மூக்கே சொல்லிவிடும். மூடியைத் திறந்ததும் கருகிய அரக்கு வாடை அடித்து, கொயில் கறுத்திருந்தால் அவர் சொன்னது சரி. என் கைக்கு வந்தவற்றில் பாதிக்கு மேல் மோட்டர் நன்றாகவே இருந்தது. மோட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற காபன் கட்டை கூட்டுக்குள் இறுகிப்போயிருக்கும், அல்லது சுவிட்சுக்குப் போகிற வயர் அறுந்திருக்கும்.

முதலில் பெயர்த்தகட்டைத் துடைத்து வோல்ட் பாருங்கள். 200இலிருந்து 250க்குள் எழுதியிருந்தால் நம்ம 230க்குச் சரி. 110 என்றிருந்தால் ட்ரான்ஸ்போமர் இல்லாமல் ஓட்டக் கூடாது. அப்புறம் கவிழ்த்து வைத்துக் கழற்றுங்கள். ஒவ்வொரு படிக்கும் போனில் ஒரு படம் எடுங்கள். எங்கள் காலத்தில் சிகரெட் பெட்டி அட்டையில் படம் கீறி, அந்தந்த இடத்தில் ஸ்குரூவைக் குத்தி வைப்போம். அதுவும் நல்ல வழிதான்.

அடித்தகட்டை எடுத்தால் பிரஷ் உருளை, தட்டை பெல்ட், அதற்குப் பின்னால் காற்றாடி. இந்த வகையில் உறிஞ்சிய குப்பை காற்றாடி வழியாகத்தான் பைக்குப் போகும். ஆகவே துரைசானியின் ஹேர்பின்னும் சட்டைப் பொத்தானும் முதலில் காற்றாடியின் இலையில்தான் அடித்திருக்கும். ஒரு இலை உடைந்தாலும் மெஷின் ஆடும், ஆட ஆட பெயரிங் போகும். காற்றாடி கழன்று வராவிட்டால் பலமாக முறுக்காதீர்கள். சிலதில் மரை எதிர்ப்பக்கமாக வெட்டியிருக்கும். மண்ணெண்ணெய் விட்டு ஒரு இரவு வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள்.

மோட்டரில் காபன் இரண்டையும் இழுக்குமுன் இடம், வலம் என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமே, அதே திசையிலேயே திரும்பப் போக வேண்டும். தேய்ந்திருந்தால், ட்ரில் மெஷினுக்கு விற்கிற பெரிய காபனை வாங்கி உப்புத்தாளில் உரசி அளவாக்கலாம். கூட்டுக்குள் தானாக வழுக்கி இறங்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. மோட்டருக்குள் சுற்றுகிற ஆமேச்சரின் செப்புப் பட்டைகளைக் கண்ணாடித்தூள் ஒட்டிய நயமான உப்புத்தாளால் துடையுங்கள். எமரித்தாள் கூடாது, அதன் துகள் பட்டைகளுக்கு இடையில் தங்கினால் கரண்ட் கடத்தும்.

பரணில் கிடந்த கொயில் நம்ம ஊர் மூடுபனியைக் குடித்திருக்கும். நாங்கள் ஆமேச்சரைக் கொழுந்து வாட்டுகிற மேல்மாடியில் இரண்டு நாள் வைத்து எடுப்போம். உங்களுக்கு 60 வோட் குண்டு பல்ப் எரிகிற ஒரு மரப்பெட்டி போதும். அடுப்புக்கு மேலே தொங்கவிட வேண்டாம்.

சுவிட்சுக்குப் பக்கத்தில் மெழுகு பூசிய ஒரு சின்ன உருளை இருந்தால் அது கெப்பாசிற்றர். அயல் வீட்டு ரேடியோ பொரியாமல் இருக்க வைத்தது. பழைய காகித வகை ஈரம் இழுத்துக் கெட்டுப்போகும், வெடிக்கவும் செய்யும். யோசிக்காமல் வெட்டி எறியுங்கள். மாற்றிப் போடுவதானால் எக்ஸ்2 என்று அச்சடித்ததாகக் கேட்டு வாங்கி, இரண்டு கரண்ட் வயருக்கும் குறுக்கே மட்டும் போடுங்கள். கொழும்பில் முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும்.

வயரில் காசு பார்க்க வேண்டாம். மூன்று கம்பி வயர் புதிதாக வாங்கி, பச்சை–மஞ்சளை உடம்பின் இரும்பிலோ அலுமினியத்திலோ பெயின்ட் சுரண்டிய இடத்தில் ஸ்குரூவால் இறுக்குங்கள். உள் வயரும் முழுக்க மாற வேண்டும். பழைய வயரில் சிவப்பு கரண்ட், கறுப்பு நியூட்ரல். புதியதில் மண்ணிறமும் நீலமும்.

பெல்ட் போடும்போது பலர் தவறுகிறார்கள். மோட்டர் தண்டும் பிரஷ் உருளையும் ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்பதால் பெல்ட்டைக் கால்வாசி முறுக்கித்தான் மாட்ட வேண்டும். அடித்தகட்டில் அம்புக்குறி இருக்கும். மாறி முறுக்கினால் பிரஷ் பின்னோக்கிச் சுற்றிக் குப்பையை உங்கள் முன்னாலேயே எறியும். சைக்கிள் டியூபில் வளையம் வெட்டிப் போட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் இளகிவிட்டது.

எல்லாம் பூட்டிய பிறகு, பிளக்குக்கு முன்னால் 100 வோட் குண்டு பல்ப் ஒன்றைத் தொடராகக் கொடுத்து ஓட்டுங்கள். பல்ப் மங்கலாக எரிந்து மோட்டர் சோம்பலாகச் சுற்றினால் நல்ல அறிகுறி. மோட்டர் அசையாமல் பல்ப் முழு வெளிச்சம் கொடுத்தால் எங்கேயோ ஷோர்ட். அப்புறம்தான் பல்ப் இல்லாமல் நேரே கரண்ட், அதுவும் கசிவு வந்தால் தானே கரண்டை வெட்டுகிற ட்ரிப் சுவிட்ச் உள்ள வீட்டில். காற்றாடி இல்லாமல் அப்படி நேரே கரண்ட் கொடுத்து ஓட்டவே கூடாது. பாரம் இல்லாவிட்டால் இந்த மோட்டர் தறிகெட்டு வேகமெடுத்துத் தன்னையே உடைத்துக்கொள்ளும்.

கேள்வி: பை கிழிந்துவிட்டது. எங்கே வாங்குவது? லயத்துச் சிமெந்துத் தரைக்கு இந்த மெஷின் உதவுமா?
– ஒரு வாசகி, பண்டாரவளை

பதில்: வாங்க அலைய வேண்டாம் தங்கச்சி, தையுங்கள். இந்த மெஷினின் மூதாதையைச் செய்த ஜேம்ஸ் மரே ஸ்பேங்ளர், அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துக் கான்டன் ஊரில் ஒரு கடைக்கட்டிடத்தைத் துப்புரவு செய்தவர். தூசியில் ஆஸ்துமா வந்து, பிரஷ்ஷும் காற்றாடி மோட்டரும் சேர்த்து ஒரு மெஷின் கட்டினார். அதற்குப் பை தலையணை உறை. 1908இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. தோல் சாமான் வியாபாரி ஹூவர் அதை வாங்கித் தன் பெயரில் விற்றார். ஆகவே நெருக்கமான பருத்தித் துணி போதும். பழைய பையைப் பிரித்து அளவு வெட்டி, தையலை இரட்டையாக அடியுங்கள். ரெக்சின் வேண்டாம், காற்று வெளியேற வழி வேண்டும்.

சிமெந்துத் தரைக்கு விளக்குமாறுதான். இது கம்பளத்தை அடித்துத் தூசி எடுக்கச் செய்தது. வெறும் தரையில் பிரஷ் மண்ணைச் சிதறடிக்கும்.

கேள்வி: பழைய மெஷின் ஒன்றைத் திருத்தி, பெயரிங்குக்குத் தேங்காய் எண்ணெய் விட்டேன். காலையில் சுற்ற மறுக்கிறது, மத்தியானம் ஒழுங்காக ஓடுகிறது. ஏன்?
– ஒரு வாசகர், நுவரெலியா

பதில்: உங்கள் வீட்டு எண்ணெய்ப் போத்தலைக் காலையில் பாருங்கள், வெள்ளையாக உறைந்திருக்கும். பெயரிங்குக்குள்ளும் அதேதான். ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் இறுகிவிடும். நாளாக நாளாகப் பிசினாகவும் மாறும். மண்ணெண்ணெயில் கழுவிக் காய வையுங்கள். குண்டில்லாத புஷ் வகை என்றால் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. குண்டு பெயரிங் என்றால் கிரீஸ், கால்வாசி நிரம்பினால் போதும். தேங்காய் எண்ணெயைத் தலைக்கு வையுங்கள், அதுவும் அடுப்படியில் உருக்கி எடுத்த பிறகு.