சே குங் கோயிலின் 27ஆம் குறிச்சீட்டுக்கு என்ன அர்த்தம்?

கேள்வி: ஹாங்காங்கில் சே குங் என்ற சீனத் தெய்வத்தின் கோயிலில் குச்சி குலுக்கிக் குறி கேட்டேன். விழும் குச்சியின் எண்ணுக்கு ஒரு கவிதைச் சீட்டு உண்டு. எனக்கு 27ஆம் எண் விழுந்தது. கெட்ட குறி என்கிறார்கள். கவிதையின் பொருள் என்ன?

பதில்: ஆமாம், நல்லது, நடுத்தரம், கெட்டது என்ற பிரிவில் இது கெட்ட குறிதான். ஆனால் 96 சீட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நான்கு வரி, வரிக்கு ஏழு சீன எழுத்து. தமிழில் ஏறத்தாழ இப்படி வரும்:

பிறர் தீயவரென்று நீ காவல் இருக்க வேண்டாம்;
கண்முன் நிற்கும் பேய்ப்படை எல்லாம் பூதங்களே;
சின் மன்னன் வீணாய் எழுப்பினான் நெடுஞ்சுவர்;
கேடு வருவதும் போவதும் தானே அழைத்ததால்.

மூன்றாவது வரியில்தான் சாவி இருக்கிறது. இந்தச் சீட்டுக் கவிதைகள் பலவும் ஒரு பழங்கதையை நம்பி நிற்பவை. கதை தெரியாவிட்டால் வெறும் மிரட்டலாகவே படும். இங்கே வருபவர் சீனாவை ஒன்றாக்கிய பேரரசர் சின் ஷி ஹுவாங். வடக்கே குதிரைப்படையோடு வந்த சியோங்னு நாடோடிகளுக்கு அஞ்சி, தளபதி மெங் தியானை 3 லட்சம் பேரோடு அனுப்பிச் சுவர் எழுப்பினார். கி.மு. 210இல் இறந்தார். உடனே அரண்மனைக்குள்ளேயே சதி. போலி ஆணை எழுதி மூத்த மகனைச் சாகவைத்து, இளையவனை அரியணையில் ஏற்றினார்கள். மறு ஆண்டு, மழையில் சிக்கித் தாமதமான கட்டாயப் படையாட்கள், எப்படியும் மரண தண்டனைதான் என்று கலகத்தில் இறங்கினார்கள். சில ஆண்டுகளில் வம்சமே முடிந்தது. சுவரைத் தாண்டி வந்த எவரும் அதைக் கவிழ்க்கவில்லை. கொடுமையான சட்டமும் வீட்டுக்குள் இருந்த துரோகமுமே கவிழ்த்தன.

சீனப் புத்தாண்டில் ஹாங்காங் நகருக்காகவும் இங்கே ஒரு சீட்டு எடுப்பது வழக்கம். 2009இல் கிராமப்புற மன்றத்தின் அன்றைய தலைவர் லாவ் வோங்-ஃபாட் எடுத்ததும் இதே சீட்டுதான். உலக நிதி நெருக்கடி நேரம் என்பதால் செய்தித்தாள்கள் பரபரத்தன.

சரி, உங்கள் விஷயம். என்ன கேட்டுக் குலுக்கினீர்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை, பலன் அதைப் பொறுத்தது. கூட்டாளியோடு தகராறு என்றால், அவரைச் சந்தேகிக்கும் முன் உங்கள் கணக்கை ஒருமுறை பாருங்கள். வழக்கு என்றால் சமரசம் பேசலாமா என்று யோசியுங்கள். உடல்நலம் பற்றிக் கேட்டிருந்தால் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.