எல்லையில் படை நின்றால் போதாதா?

எல்லையில் படை இருக்கும்போது பாதுகாப்புக் கொள்கையை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இலங்கையின் மட்டக்களப்பில் இருந்துகொண்டு சொல்கிறேன், படை மட்டும் போதாது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி இங்கே சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஐந்து நாள் கழித்து அம்பாறை மாவட்டத்துச் சாய்ந்தமருதில் ஒரு வீட்டுக்குள்ளும் வெடித்தது. தாக்குதல் வரலாம் என்ற இந்தியாவின் எச்சரிக்கை ஏப்ரல் 4ஆம் திகதியே வந்திருந்தது. படைக்கு ஆளோ ஆயுதமோ குறைவில்லை; கையில் இருந்த தகவலை வைத்து எதுவும் செய்யவில்லை. உயிர் பறித்தது அந்த அலட்சியம்தான். 2023 ஜனவரியில் இலங்கை உயர் நீதிமன்றம், தாக்குதல் நடந்தபோது ஜனாதிபதியாக இருந்தவரும் அதிகாரிகளும் கடமை தவறியதாகத் தீர்ப்பளித்தது.

அப்புறம் இணையத் தாக்குதல்; அதையும் எல்லையில் நிற்கும் படையால் தடுக்க முடியாது. 2016இல் அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த நேட்டோ இராணுவக் கூட்டணி இணையவெளியையும் தரை, கடல், வான் போல ஒரு போர்க்களமாக ஏற்றுக்கொண்டது. ஆனால் நமக்கு முதலில் வேண்டியது, எச்சரிக்கை வந்த அன்றே கோயில், பள்ளிவாசல், தேவாலயப் பொறுப்பாளர்களுக்கும் அறிவிக்கும் நடைமுறை.