மின்ட்டில் டி டிரைவ் 'ரீட் ஒன்லி' ஆவது: கோளாறு விண்டோஸ் பக்கம்தான்

வணக்கம் நண்பரே. ஒரே கணினியில் விண்டோஸ் 10 பக்கத்திலேயே லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு இயங்குதளத்தையும் போட்டிருக்கிறீர்கள். டி டிரைவில் உள்ள படங்கள் திறக்கின்றன, புதிதாக எதையும் சேமிக்கப் போனால் மட்டும் 'ரீட் ஒன்லி' (படிக்க மட்டும், எழுத முடியாது) என்கிறது. இதுதானே சிக்கல்?

டிரைவ் போய்விட்டதோ என்று பயப்படாதீர்கள். மின்ட்டையும் மறுபடி போட வேண்டாம். பெரும்பாலும் இது விண்டோஸ் 8 காலத்தில் வந்த 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' செய்கிற வேலை. 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. கெர்னல், அதாவது விண்டோஸின் மையப் பகுதி, இருந்த நிலையை சி டிரைவில் எழுதிவைத்துவிட்டு அரைத்தூக்கம் போடுகிறது. டி டிரைவும் இன்னும் தன் கையில்தான் என்று அதற்கு நினைப்பு. அந்த நிலையில் வேறொருவர் எழுதினால் கோப்புகள் சிதையும் என்பதால்தான் மின்ட் கையைக் கட்டிக்கொள்கிறது.

சந்தேகம் தீர, விண்டோஸில் 'ரீஸ்டார்ட்' கொடுத்து நேராக மின்ட்டுக்குள் வாருங்கள். ரீஸ்டார்ட் என்றால் முழுசாக அணைந்துதான் எழும். இப்போது எழுத முடிந்தால் காரணம் உறுதி. பிறகு கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், 'சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ' போய், மேலே 'சேஞ்ச் செட்டிங்ஸ்' என்று தொடங்கும் நீல இணைப்பைத் தட்டுங்கள். தட்டாதவரை கீழே உள்ள பெட்டிகள் மங்கலாகவே கிடக்கும், பலர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்து, சேமித்து, ஷட் டவுன் செய்யுங்கள்.

மின்ட்டின் டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரம்) 'ஃபோர்ஸ்' போட்டு டிரைவைக் கட்டாயமாக மவுண்ட் செய்யலாமா, அதாவது இணைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். இதற்குப் பிறகும் அடம்பிடித்தால், விண்டோஸில் டி டிரைவை வலது கிளிக் செய்து, ப்ராப்பர்டீஸ், டூல்ஸ் வழியாக ஒருமுறை 'செக்' ஓட்டிவிட்டு, என்ன வருகிறது என்று எழுதுங்கள்.