கம்பெனி ரவுட்டரைக் கழற்றலாமா?

கேள்வி: பைபர் இணைப்பு கொடுத்தவர்கள், தங்கள் ரவுட்டரைத் தவிர வேறெதையும் போடக்கூடாது என்கிறார்கள். அதன் வைஃபை வீட்டுக்குப் பின்னால் உள்ள தறிக்கூடத்துக்கு எட்டுவதில்லை. நாங்கள் வாங்கிய நல்ல ரவுட்டர் சும்மா கிடக்கிறதுங்க. மாற்றிப் போட வழியுண்டா?
– வாசகர், சோமனூர்

பதில்: அவர்கள் தந்த பெட்டிக்குள் இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஒன்று, இழையில் வரும் ஒளியை மின் சிக்னலாக மாற்றும் ஓ.என்.டி. அதன் சீரியல் எண்ணைக் கம்பெனி பதிந்து வைத்திருக்கும். பதியாத பெட்டியைச் செருகினால் லைன் கிடைக்காது. தெருவில் பல வீடுகள் ஒரே இழையைப் பகிர்வதால் இந்தக் கெடுபிடியில் நியாயம் உண்டு. இன்னொன்று ரவுட்டர். அதையும் சேர்த்து நம் தலையில் கட்டுவது பெரும்பாலும் அவர்கள் வசதிக்குத்தான். ஜெர்மனியில் 2016 ஆகஸ்டிலிருந்து எந்தப் பெட்டியைப் போடுவது என்பது சட்டப்படி வாடிக்கையாளரின் விருப்பம்.

ஆனால் உங்கள் குறை வைஃபை எட்டாததுதானே? அதற்கு அந்தப் பெட்டியைக் கழற்றவே வேண்டாம். அதன் லேன் துளையிலிருந்து (வீட்டுக் கருவிகளைக் கேபிளில் இணைக்கும் துளை) தறிக்கூடத்துக்கு கேட் 6 நெட்வொர்க் கேபிள் இழுங்கள். 100 மீட்டர் வரை தாங்கும். செம்பு பூசிய அலுமினியக் கம்பி உள்ள கேபிள் மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள். மோட்டார் ஒயரோடு சேர்த்துக் கட்டக்கூடாது. கேபிளுக்குள் உள்ள எட்டுக் கம்பிகளையும் முனைப் பிளக்கில் அழுத்திப் பொருத்த (கிரிம்ப்) சொல்லுங்கள்; நான்கோடு நிறுத்தினால் வேகம் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது.

உங்கள் ரவுட்டரில் 'ஆக்சஸ் பாயின்ட் மோடு' (வைஃபை மட்டும் கொடுக்கும் அமைப்பு) இருந்தால் அதைப் போட்டாலே போதும். இல்லாவிட்டால், கேபிளைச் செருகும் முன் அதன் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் கருவியை அடையாளம் காட்டும் எண்) 192.168.1.2 என்று மாற்றி, மற்ற கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியை அணைத்துவிடுங்கள். (கம்பெனி பெட்டி 192.168.1.1 என்றால் இது பொருந்தும். கம்பெனி பெட்டி முகவரி கொடுப்பதை 192.168.1.10-லிருந்து தொடங்க வையுங்கள்.) பிறகு கேபிளை உங்கள் ரவுட்டரில் இன்டர்நெட் லைனுக்கான 'வான்' (WAN) துளையில் அல்ல, லேன் துளையில் செருகுங்கள். இரண்டு பெட்டியும் முகவரி கொடுக்க ஆரம்பித்தால், வைஃபை இருக்கும், இன்டர்நெட் இருக்காது. பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

தறிப்பஞ்சு காற்றோட்டத் துளைகளை அடைத்துவிடும். ரவுட்டரைச் சுவரில் உயரமாக மாட்டி, வாரம் ஒருமுறை துடையுங்கள்.

எல்லாமே சொந்த ரவுட்டரில்தான் ஓடவேண்டும் என்றால், கஸ்டமர் கேரில் 'பிரிட்ஜ் மோடு' கேளுங்கள்; கம்பெனி பெட்டி சிக்னலை மாற்றித் தருவதோடு நிற்கும், ரவுட்டர் வேலையை உங்களுடையது பார்க்கும். பிபிபிஓஇ (இன்டர்நெட் லைனில் லாகின் ஆகும் முறை) யூசர்நேம், பாஸ்வேர்டு, விலான் எண்ணையும் (ஒரே லைனில் இன்டர்நெட்டுக்கு எனப் பிரித்த தடத்தின் எண்) எழுதி வாங்குங்கள். வீட்டுப் போனும் அந்தப் பெட்டியில் இருந்தால், இன்டர்நெட் பதிவை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். அவசரத்தில் போன் பதிவையும் அழித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கம்பெனி பெட்டியின் ரீசெட் பொத்தானை மட்டும் அமுக்காதீர்கள். அமைப்பெல்லாம் அழிந்து, ஆள் வரும்வரை லைன் கிடைக்காமல் போகலாம்.