வாசகர் கேள்வி: பாம்பை நோக்கிப் போகும் ஊர்வலம்

கேள்வி: பழைய பிரெஞ்சுப் பயண நூலொன்றின் படத்தைப் பார்த்தேன். 'ஜூடா' என்னும் ஆப்பிரிக்க நாட்டு அரசனின் முடிசூட்டையொட்டி, பெரும்பாம்பின் கோயிலுக்கு ஊர்வலம் செல்வதாக அதன் குறிப்பு கூறுகிறது. ஆடியில் புற்றுக்குப் பால் வார்க்கும் எங்கள் தெருவுக்கு இது அந்நியமாகத் தோன்றவில்லை. படத்தில் உள்ளதை அப்படியே நம்பலாமா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: ஊர்வலம் நடந்தது என்பதை நம்பலாம்; ஒவ்வொரு முகத்தையும் மரத்தையும் நம்ப வேண்டாம். ஜூடா என்று பிரெஞ்சுக்காரர்கள் எழுதியது, இன்றைய பெனின் நாட்டின் உய்டா கடற்கரையை ஒட்டியிருந்த ஹுவேடா அரசை. ஊர்வலம் 1725 ஏப்ரலில் நடந்தது. அதைப் பதிவு செய்தவர் தே மார்ஷே என்னும் கப்பல் தலைவர். அவருடைய குறிப்புகளைத் தொகுத்து 1730-இல் பாரிஸில் நூலாக வெளியிட்ட பாதிரியார் லாபா, மேற்கு ஆப்பிரிக்காவில் கால் வைத்ததே இல்லை. அக்காலப் பயண நூல்களின் படங்களை அச்சிடச் செப்புத்தகட்டில் கீறியவர்களும் பெரும்பாலும் அப்படிப்பட்டவர்களே. உருப்பெருக்கியை வைத்துப் பாருங்கள்: நிழல் என்று நீங்கள் நினைத்த இடமெல்லாம் நெருக்கமான குறுக்குக்கோடுகளாக இருக்கும். ஐரோப்பியப் பட்டறையில் பழகிய அந்தக் கை, தான் காணாத மனிதர்களைத் தனக்குத் தெரிந்த உடற்கட்டிலேயே வரைந்தது.

'பெரும்பாம்பு' என்ற சொல்லும் நம்மை அச்சுறுத்துகிறது. அங்கே தாங்பே என்று வணங்கப்படுவது நஞ்சில்லாத சிறிய மலைப்பாம்பு. பெரும்பாலும் நான்கைந்து அடியைத் தாண்டாதது. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்துபோலச் சுருண்டுவிடும். அண்டை நாடான ஆர்த்ராவுடன் நடந்த போரில் அது எதிரிப் படையை விட்டுத் தங்கள் பக்கம் வந்ததாகவும், அதைக் கையிலேந்திய பூசாரியைக் கண்டு வீரர்கள் ஊக்கமடைந்து வென்றதாகவும் ஹுவேடா மக்கள் சொல்லிவந்தார்கள். அதைக் கொன்றவர் தண்டனைக்குத் தப்ப முடியாது.

உங்களுக்கு அருகிலுள்ள திருவொற்றியூரில் மூலவரே புற்று வடிவில், ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருக்கிறார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டுமே கவசம் களையப்படுகிறது. நாம் பாம்பின் வீட்டை வணங்குகிறோம், அவர்கள் பாம்பையே வீட்டுக்குள் வைத்து வணங்குகிறார்கள். இந்த ஒற்றுமை கண்ணில் பட்ட உங்களுக்கு, அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்த ஐரோப்பிய வாசகனைவிட அது நன்றாகவே புரிந்திருக்கிறது.

ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. தே மார்ஷே அந்தக் கரைக்குப் போனது பாம்பைப் பார்க்க அல்ல. மனிதர்களை விலைக்கு வாங்க. உய்டா, அட்லாண்டிக் அடிமை வாணிபத்தின் மிகப் பெரிய துறைமுகங்களில் ஒன்று. அங்கிருந்து ஏற்றப்பட்டவர்களோடு அவர்களுடைய பாம்புத் தெய்வமும் கடல் கடந்தது. ஹெய்ட்டியில் அதை இன்றும் தம்பாலா என்று அழைக்கிறார்கள்.

1727-இல் தஹோமி மன்னன் அகாஜாவின் படை ஹுவேடாவைக் கைப்பற்றியது. படையெடுப்பைத் தடுக்க ஆற்றுத்துறையில் பாம்பையே காவல் வைத்தார்கள். வந்த வீரர்கள் அதைப் பொருட்படுத்தாமல் கடந்தார்கள்; கண்ட பாம்புகளைக் கொன்றார்கள். ஆகவே உங்கள் படம் பாரிஸில் அச்சேறியபோது, அதில் முடிசூடிய மன்னனின் அரசு வீழ்ந்துவிட்டிருந்தது. வழிபாடு மட்டும் வீழவில்லை. வென்றவர்களே பின்னர் அதற்கு இடம் கொடுத்தார்கள். இன்று உய்டாவில் கத்தோலிக்கப் பேராலயத்துக்கு நேரெதிரே பாம்புக் கோயில் நிற்கிறது. இரவில் எலி பிடிக்க வெளியே விடப்படும் பாம்பு வழி தவறி ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், வீட்டுக்காரர்கள் அதை மெல்லத் தூக்கிக் கோயிலில் கொண்டுபோய் விடுகிறார்கள்.