ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

கேள்வி: என் கணவருக்கு வயது 43. கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். வயிற்றுப்போக்கு வந்து சரியான பத்தாம் நாள், கால் மரத்துப்போகிறது என்றார். மூன்றே நாளில் கை, கால் எதுவும் அசையவில்லை, மூச்சும் திணறியது. ‘கில்லன் பாரே’ என்றார்கள். கோவையில் சேர்த்து 81 நாள் ஆகிறது. 26 நாள் வென்டிலேட்டரில் இருந்தார். இப்போது வார்டில் இருக்கிறார். கை ஓரளவு அசைகிறது, கால் இன்னும் இல்லை. நரம்பின் உள்ளிழையே பழுதாகியிருப்பதால் நாளாகும் என்கிறார் டாக்டர். ராத்திரியும் பகலும் நான்தான் கூட இருக்கிறேன். கொழுந்தனார் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போவார். ஒன்பதாவது படிக்கும் மகள் மாமியாரிடம் இருக்கிறாள். இவருக்கு எதற்கெடுத்தாலும் கோபம். பிசியோதெரபி வேண்டாம் என்கிறார். போன வாரம் நான் ஊட்டிக்கொண்டிருந்த சோற்றுக் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். பாத்ரூமுக்குள் போய் அழுதேன். அப்படியே பஸ் ஏறி ஊருக்குப் போய்விடலாமா என்று தோன்றிவிட்டது. அதை நினைத்தால் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. நான் என்ன செய்ய?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்

பதில்: அன்புச் சகோதரி, அந்த பஸ்ஸிலிருந்தே தொடங்குகிறேன். என் கணவர் இடுப்பெலும்பு முறிந்து நான்கு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மருந்து வாங்கப் போன நான் வாசலில் நின்ற டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கையில் மருந்துச் சீட்டு. இரண்டு ஸ்டாப் தாண்டி இறங்கி, வெயிலில் நடந்தே திரும்பி வந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவர்மேல் எனக்குப் பாசம் குறைந்துபோயிருந்ததா? இல்லவே இல்லை. சேர்ந்தாற்போல நாலு மணி நேரம் தூங்கிப் பல வாரம் ஆகியிருந்தது, அவ்வளவுதான். உங்களுக்கும் அதேதான். அருவருப்படைய இதில் ஒன்றுமில்லை.

உங்கள் டாக்டர் சொன்ன ‘நாளாகும்’ என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாமே அதில்தான் இருக்கிறது. தொற்றை எதிர்க்கக் கிளம்பிய நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் சொந்த நரம்பையே தாக்குவதுதான் இந்த நோய். நரம்பின் மேலுறை மட்டும் பழுதானால் சீக்கிரமே தேறிவிடும். உள்ளே ஓடும் இழை பழுதானால் அது மறுபடி வளர்ந்து வர வேண்டும். வளரும் வேகம் ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். ஒரு மாதத்துக்கு மூன்று சென்டிமீட்டர், அதாவது உங்கள் கட்டைவிரலில் பாதி. இடுப்பிலிருந்து பாதம் வரை எவ்வளவு தூரம் என்று பாருங்கள். கை முதலில் அசைந்து, கால் பின்தங்குவது ஏன் என்று புரியும். இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் மறுபடி நடக்கிறார்கள். ஆனால் மாதக் கணக்கு ஆகும், சிலருக்கு வருடக் கணக்கும் ஆகும்.

நீங்களோ, நாளைக்கே டிஸ்சார்ஜ் என்பதுபோல் 81 நாளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். ஒரு வருட வேலையை ஒரு வார வேலைபோலச் செய்கிறீர்கள். அதைத்தான் மாற்ற வேண்டும்.

அவருடைய கோபத்துக்கு வருகிறேன். இந்த நோயில் உடம்புதான் கட்டுண்டு போகும், காதும் அறிவும் விழித்தே இருக்கும். மயக்க மருந்து தெளிந்திருந்த நேரத்திலெல்லாம் கட்டிலைச் சுற்றி நின்று சொந்தக்காரர்கள் பேசியதை அவர் கேட்டிருப்பார். “பொழைப்பாரா”, “பொம்பளைப் பிள்ளை வேற இருக்குதே” என்று யாராவது சொல்லாமலா இருந்திருப்பார்கள்? வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்குப் பயங்கரமான கனவுகளும் வருவதுண்டு, எது கனவு எது நிஜம் என்று பிரித்துக்கொள்ள முடியாமல் தவிப்பார்கள். ஒருநாள் சாயங்காலம் பக்கத்தில் யாரும் இல்லாதபோது, “அந்த 26 நாள் உங்களுக்கு என்னென்ன கேட்டுச்சு?” என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும், ஆறுதல்கூடச் சொல்ல வேண்டாம்.

(அப்படி வென்டிலேட்டரில் பேச முடியாமல் இருப்பவரோடு இப்போது காத்திருக்கும் வாசகர்களுக்கு: ஓர் அட்டையில் உயிர் 12, மெய் 18 மட்டும் பெரிதாக எழுதுங்கள். 247 எழுத்தும் வேண்டாம். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு வாருங்கள், சரியான எழுத்து வந்ததும் அவர் கண்ணை மூடித் திறக்கட்டும். அட்டையின் பின்பக்கம் ‘தண்ணீர்’, ‘வலி’, ‘திருப்பிப் படுக்க வை’, ‘சளி எடுக்கணும்’ என்று எழுதி வையுங்கள்.)

பிசியோதெரபி வேண்டாம் என்பதைப் பிடிவாதம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பழுதான நரம்பு எரியும், குத்தும். போர்வை பட்டாலே சிலருக்குத் தாங்காது. அதற்கென்றே மாத்திரைகள் உண்டு. “ராத்திரியில் கால் எரிச்சலா இருக்கா?” என்று அவரைக் கேட்டு, ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் சொல்லுங்கள். இன்னொன்று, இந்த நோயில் வரும் அசதி சாதாரண அசதி இல்லை. அளவுக்கு மீறிப் பயிற்சி செய்தால் மறுநாள் இருக்கிற பலமும் குறையும். காலையில், தூங்கி எழுந்த தெம்பில், இருபது இருபது நிமிடமாகப் பிரித்துச் செய்யலாமா என்று பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள். எப்போதும் சுவரைப் பார்த்தபடி, எதிலும் பிடிப்பில்லாமல் கிடந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மனச்சோர்வுக்கும் சிகிச்சை இருக்கிறது.

அந்தச் சோற்றுக் கிண்ணம். பல வருடமாக இரும்பை வளைத்து ஒட்டிய கை அது. பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்க்க, குழந்தைக்கு ஊட்டுவதுபோல் ஊட்டினால் அவருக்கு எப்படி இருக்கும்? கை ஓரளவு அசைகிறது என்கிறீர்கள். ஒரு ஸ்பூன் காம்பில் பழைய துணியைக் கட்டைவிரல் பருமனுக்குச் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டுங்கள். சோற்றைக் குழையப் பிசைந்து, விளிம்பு உயர்ந்த கிண்ணத்தில் வைத்து, கட்டிலின் தலைப்பக்கத்தை நன்றாக நிமிர்த்திவிட்டு, ஸ்பூனை அவர் கையில் கொடுங்கள். முக்கால் மணி நேரம் ஆகும், பாதி சட்டையில் சிந்தும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். துடைக்கப் பாயாதீர்கள்.

வீட்டு விஷயத்தையும் அவரிடமே கேளுங்கள். கரண்ட் பில் முதல் மகளின் டியூஷன் வரைக்கும் எல்லாம். தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று மறைத்தால், தன்னைக் கணக்கிலேயே எடுக்கவில்லை என்று நினைப்பார்.

பணத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் கவலை இருக்கும். பட்டறையில் இஎஸ்ஐ பிடித்தம் உண்டா? இருந்தால் நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்தில் 91 நாள் வரை கிடைக்கும். உங்களுக்கு 81 நாள் ஆகிவிட்டது. நீண்ட நாள் நோய்களுக்கு நீட்டிப்பு தனியாக உண்டு, அந்தப் பட்டியலில் இது வருமா என்று இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் இந்த வாரமே கொழுந்தனாரைக் கேட்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருவார்கள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும்.

சரி, இப்போது உங்கள் தூக்கம். “ஏதாவது வேணும்னா சொல்லுங்க” என்று கொழுந்தனாரும் பட்டறை நண்பர்களும் சொல்லியிருப்பார்கள். நாம் தலையாட்டிவிட்டு விட்டுவிடுவோம். இனி நாளைக் குறித்துக் கேளுங்கள்: “வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து ஞாயித்துக்கிழமை நான் வர்ற வரைக்கும் நீங்க இங்க தங்கணும்.” ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, இரண்டு மணிக்கொருதரம் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், குதிகாலுக்கு அடியில் எந்தத் துணி, ஒன்பது மணி மாத்திரை எது, எந்த நர்ஸிடம் எதைக் கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். உங்களைப்போல் அவர்களுக்குப் பார்த்துக்கொள்ளத் தெரியாது. நோட்டைப் பார்த்துச் செய்யட்டும். இரண்டு ராத்திரியில் ஏதாவது குறை இருந்தால் நர்ஸ் சரிசெய்வார்.

கணவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். எப்போது திரும்புவீர்கள் என்று நேரம் சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிங்காநல்லூரில் கரூர் பஸ் ஏறுங்கள். மகள் பக்கத்தில் பாயைப் போட்டுத் தூங்குங்கள், சனிக்கிழமை யாரும் எழுப்ப வேண்டாம். ஞாயிறு காலை அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கணக்கு நோட்டை எடுத்து வரச் சொல்லுங்கள், அப்பாவிடம் காட்டட்டும்.